பீடியில் பஞ்சு கிடையாது

சீஃப் ஸ்டூவர்ட் அவர்களே, நீங்கள் பொய் சொன்னீர்கள். 1987 செப்டம்பரில் நம் விமானத்தின் பின்பக்கக் கழிவறையில் குப்பைத் தொட்டி புகைந்தது ஒரு பயணி போட்ட பீடியால் என்று அறிக்கை எழுதினீர்கள். அது பீடி இல்லை. உங்களுக்குத் தமிழ் தெரியாது. இதை யாராவது படித்துச் சொல்வார்கள். கடைசி வரை கேளுங்கள்.

மற்ற வாசகர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் சிங்கப்பூரில் பிறந்தவன். பதினோரு வருஷமாக விமானத்தில் தட்டு தூக்குகிறவன். சீஃப் ஸ்டூவர்ட் என்பவர் எங்களுக்கெல்லாம் மேலே இருப்பவர். கம்பெனியின் பெயரை எழுத மாட்டேன், வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும்.

விமானத்தில் புகைப்பதற்குச் சட்டம் உண்டு. முன்னால் உட்கார்ந்தவன் பிடிக்கக் கூடாது. கடைசி எட்டு வரிசைக்காரன் பிடிக்கலாம். இரண்டுக்கும் நடுவே சுவரும் இல்லை, திரையும் இல்லை, வரிசை எண் மட்டும்தான். புகைக்கு எண் படிக்கத் தெரியாது. ஏறும்போதும் இறங்கும்போதும் தலைக்கு மேலே விளக்கு எரியும். அது அணைந்ததும் எட்டு வரிசையும் ஒன்றாகப் பற்ற வைக்கும். சுருட்டும் பைப்பும் கூடாது. பீடியைப் பற்றி எங்கள் புத்தகத்தில் ஒரு வரி இல்லை. யாரும் புகார் சொல்லாதவரை நான் கண்டுகொள்வதில்லை. கழிவறைக்குள் யாருமே பிடிக்கக் கூடாது. கதவில் படம் போட்டு வைத்திருக்கிறோம். அந்தப் படத்துக்குக் கீழேயே ஒரு சாம்பல் கிண்ணமும் வைத்திருக்கிறோம். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

எங்களுக்கு வேறு சட்டம். விமானிகள் தங்கள் அறைக்குள் ஊதலாம். நாங்கள் சீருடையில், பயணி கண்ணில் படும்படி ஊதக் கூடாது. நாலு மணி நேரம் தாங்காதவன் எங்கே போவான்? கழிவறைக்குத்தான். ஒருவன் உள்ளே போனால் இன்னொருவன் வெளியே காவல் நிற்பான். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை, ஆனால் காவல் நின்றிருக்கிறேன். சீஃப் ஸ்டூவர்ட் அவர்களே, உங்களுக்காகவே நிறைய நின்றிருக்கிறேன். அன்றைக்கு மெட்ராஸ் போகும்போது நான் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். காவலுக்கு ஆள் இல்லை.

கழிவறைக் கதவு இடுக்கில் புகை வந்தது. நான் ஓடிப்போய் ஒரு ஜக் ஆரஞ்சு ஜூஸைத் தொட்டியில் கொட்டினேன். அணைந்தது. தொட்டியை நீங்களே எடுத்துக்கொண்டு போனீர்கள். திரும்பி வந்து, பீடித் துண்டு என்றீர்கள். இரண்டு தடவை அந்தக் கழிவறைக்குப் போன ஒரு ஆளைப் பின்வரிசைப் பயணிகள் காட்டினார்கள். பொன்னுசாமி என்று பெயர், முப்பது வயது இருக்கும். சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் சாரம் கட்டுகிற கூலி. பக்கத்து இருக்கையில் அவன் மாமனார்.

“கழிவறைக்குள் புகைத்தாயா என்று கேள்” என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னீர்கள். கேட்டேன். அவன் வாயைத் திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். “என்ன சொல்கிறான்?” என்றீர்கள். “ஒப்புக்கொள்கிறான்” என்றேன்.

அதுதான் நான் செய்த மொழிபெயர்ப்பு. வாய் திறக்காதவன் பேச்சை மொழிபெயர்த்தேன்.

அதன் பிறகு காகிதம் ஓடியது. அவன் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் எங்கள் விமானத்தில் ஏறத் தடை. பட்டறைக்கும் ஒரு பிரதி போகும். பட்டறைக்காரன் அவனைத் திரும்ப எடுக்க மாட்டான். கையெழுத்து வாங்காமல் கோப்பை மூட முடியாது. அவன் விடுமுறையில் ஊரில் இருக்கிறான். தமிழ் பேசுகிறவன் நான்தானே, போய் வாங்கி வா என்று ஐந்து நாள் கொடுத்து அனுப்பினீர்கள். ஊர் கள்ளக்குறிச்சிக்கு மேலே, கல்வராயன் மலை.

முதல் நாள் பாதி வழியிலேயே பஸ் நின்றுவிட்டது. ரோட்டின் குறுக்கே வெட்டிப் போட்ட புளியமரம். அடுத்த வளைவில் இன்னொன்று. இட ஒதுக்கீடு கேட்டு மறியல் என்றார்கள். நான் கெட்ட கோபத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மரத்தின் மேல் ஏறினேன். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் மீசைக்காரர் ஒருவர் கையை நீட்டித் தடுத்தார்.

“யாருங்க நீங்க? இன்னா பெட்டி அது?”

“சிங்கப்பூர். விமானத்துல வேலை. வழி விடுங்க.”

“ஏரோப்ளேனா!” என்று பின்னால் திரும்பிக் கத்தினார். “டேய், இங்க பாருங்கடா. ஆகாசத்துல வேலை பாக்கறவரு நம்ம மரத்துல மாட்டிக்கினாரு!”

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு ஆள் கேட்டார்: “ஏங்க, அங்க மறியல் பண்ணணும்னா இன்னாத்த வெட்டிப் போடறது?”

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கோபக்காரனைச் சிரிக்க வைத்தால் பாதிக் கோபம் போச்சு. மீசைக்காரர் ஒரு செம்பு மோர் கொடுத்தார். குடித்துக்கொண்டே, இத்தனை மரத்தை வெட்டிவிட்டீர்களே என்று கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது.

“எங்களுக்கும் வலிக்குதுங்க. மனு குடுத்தோம், படிக்கல. எந்தக் கணக்குலயும் எங்கள ஒழுங்கா எழுதல. நாங்களே சொன்னா எவன் கேக்கறான்? எங்களப் பத்தி வேற எவனோ எழுதி வைக்கிறான், அதுதான் செல்லுது.”

என் பையில் இருந்த காகிதம் ஞாபகம் வந்தது. என் பெட்டியை அவரே தோளில் வைத்துக்கொண்டு இரண்டாவது மரத்தையும் தாண்டிக் கொண்டுபோய் என்னை விட்டார். அந்தப் பக்கம் ஒரு கரும்பு டிராக்டர் நின்றது. கரும்புச் சோகை குத்தக் குத்த அதில் உட்கார்ந்துதான் கள்ளக்குறிச்சி வந்தேன்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஓட்டலில் மறுநாள் காலை உட்கார்ந்தேன். பரிமாற வந்தவரிடம், “பசியாறணும், என்ன இருக்கு?” என்றேன். எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டை அப்படித்தான் சொல்வோம். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“பசி ஆறுற வரைக்கும் இருக்குதுங்க. இட்லியா, பொங்கலா?”

இரண்டும் வந்தன. இட்லிக்கு வடகறி. சிங்கப்பூரில் காலை வேளையில் காயா என்கிற தேங்காய்ப்பால் ஜாம் தடவிய ரொட்டியைக் கடித்துக்கொண்டு வேலைக்கு ஓடுவோம். இங்கே இலையை வழித்துச் சாப்பிட்டு முடிக்கும்வரை அந்த ஆள் என்னை எழுந்திருக்க விடவில்லை. கை கழுவப் போன இடத்தில் சுவர் ஓரமாகத் துண்டு சிகரெட்டுகளும் பீடிகளும் குவிந்து கிடந்தன. எங்கள் ஊரில் இப்படிப் போட்டால் அபராதம் கட்ட வேண்டும். எங்கள் ஊர் எவ்வளவு சுத்தம் என்று மனதுக்குள் பெருமையடித்துக்கொண்டேன். அந்தப் பெருமை சாயங்காலம் வரைதான் நின்றது.

கச்சிராயபாளையத்துக்கு டவுன் பஸ். அங்கிருந்து மலைக்கு ஜீப். கணக்குப் பார்த்தால் ஆறு பேர் உட்காரும் ஜீப்பில் பதினாறு பேர், இரண்டு ஆட்டுக்குட்டி, ஒரு மண்ணெண்ணெய் டின். விமானத்தில் பெல்ட் போடாதவனைத் திட்டுகிற நான் பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றேன். கோமுகி அணை கீழே போய்க்கொண்டே இருந்தது. ஏழாவது வளைவிலோ எட்டாவதிலோ டயர் வெடித்தது.

எல்லோரும் இறங்கினோம். ஜீப்காரர் அவசரமே படவில்லை. ஒரு பீடியைப் பற்ற வைத்தார். பாதி முடிந்ததும் மிச்சத்தைப் பாறையில் தேய்த்தார், எச்சில் தொட்டு அமுக்கினார், விரலால் நசுக்கிப் பார்த்தார். சூடு இல்லை என்று தெரிந்த பிறகு காதில் செருகிக்கொண்டு டயரைக் கழற்றக் குனிந்தார்.

“கீழே போட வேண்டியதுதானே?” என்றேன்.

பதில் சொன்னது ஜீப்காரர் இல்லை, ஆட்டுக்குட்டியை மடியில் வைத்திருந்த அம்மா. “எங்க போடச் சொல்றீங்க? இது இன்னா உங்க ரோடா? மலைங்க.”

ஜீப்காரர் நட்டைத் திருகிக்கொண்டே விளக்கினார். “பங்குனி சித்திரையில ஒரு துண்டு விழுந்தா போதும் சார். புல்லு புடிச்சி அந்த மலையே கருகிப் போயிடும். ஆடு மேய எடம் கெடையாது, கூரை தப்பாது. எவன் போட்டான்னு தெரிஞ்சா ஊர்க் கூட்டத்துல நிக்க வச்சிடுவாங்க. அதனால சின்ன வயசுல இருந்தே இப்படித்தான். மழை காலத்துலயும் கை கீழ போடாது.”

அந்த மலைப்பாதையில் போலீஸ்காரன் இல்லை. பலகை இல்லை. அபராதச் சீட்டு இல்லை. சுற்றிப் பார்த்தேன். நிஜமாகவே ஒரு துண்டுகூடக் கிடக்கவில்லை. எங்கள் ஊர்ப் பெருமையை அங்கேயே இறக்கி வைத்தேன்.

இதற்கெல்லாம் பிறகும் எனக்கு உறைக்கவில்லை பாருங்கள். பொன்னுசாமி இந்த மலைக்காரன் என்று தெரியும். பீடித் துண்டு கதை தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற புத்தி வரவில்லை. கையெழுத்து வாங்குகிற வேலைதான் மண்டையில் இருந்தது.

பொன்னுசாமியின் வீட்டுக்கு ஜீப் போகாது. மரவள்ளித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மணி நேரம் நடந்தேன். வாசலில் அவன் மனைவி காசியம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். நான் இன்னார் என்று சொன்னதும் முறத்தைக் கீழே வைத்தாள்.

“ஓ, நீங்கதானா அந்த ஏரோப்ளேன்காரரு? எங்க வூட்டுக்காரரு தலைய குனிஞ்சாராம், நீங்க ஆமான்னு எழுதிக்கினீங்களாம். எங்க வூட்டு எருமைகூடத்தான் நாளெல்லாம் தலையக் குனிஞ்சிக்கினு நிக்குது. அது இன்னா ஒத்துக்கிச்சின்னு எழுதுவீங்க?”

பதினோரு வருஷத்தில் எத்தனையோ பயணிகள் திட்டியிருக்கிறார்கள். இவ்வளவு சரியாக யாரும் திட்டவில்லை.

திட்டி முடித்துவிட்டு அவளே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். “நடந்து வந்திருக்கீங்க. மொதல்ல சாப்புடுங்க, அப்புறம் பேசலாம்.” சாமைச் சோறு, கொள்ளு ரசம், நாட்டுக்கோழிக் குழம்பு. கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டே கோழி அடித்துப் போடுகிற ஜனங்களை என்னவென்று சொல்வது? மூன்று தடவை சோறு வாங்கினேன்.

பொன்னுசாமியும் அவன் மாமனார் கோவிந்தனும் காட்டிலிருந்து வந்தார்கள். கோவிந்தன் அவனுக்குத் தாய்மாமனும்கூட. பட்டறையில் முதலில் வேலைக்குப் போனவர் அவர்தான். மருமகனை அழைத்துப் போய்ச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். நான் காகிதத்தை எடுத்து அதில் உள்ளதைத் தமிழில் சொன்னேன். கையெழுத்துப் போட்டால் என்ன நடக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

“போட்டுடறேன் சார்” என்றான் பொன்னுசாமி தரையைப் பார்த்துக்கொண்டு.

எனக்குக் கோபம் வந்தது. “என்னய்யா போட்டுடறேன்? வேலை போயிடும்யா. நீ பிடிச்சியா இல்லையா, அதைச் சொல்லு. உன் சீட்டே புகைக்கிற வரிசைதானே? உட்கார்ந்த இடத்திலேயே பிடிச்சிருக்கலாமே, கழிவறைக்கு எதுக்குப் போனே?”

அவன் மாமனாரைப் பார்த்தான். மறுபடியும் தலையைக் குனிந்தான். விமானத்தில் பார்த்த அதே குனிவு.

காசியம்மாதான் சிரித்துவிட்டாள். “எப்பா, நீ கொஞ்சம் அந்தாண்ட திரும்பி ஒக்காரு. நீ இருக்கிற வரைக்கும் அது வாய தொறக்காது.”

கோவிந்தன் மகளையும் மருமகனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து முருங்கை மரத்துப் பக்கமாகப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். “நான் இங்க இல்ல மாப்ள. சொல்லு” என்றார் உரக்க.

அந்த முதுகைப் பார்த்துக்கொண்டுதான் பொன்னுசாமி பேசினான்.

“மாமன் முன்னால பீடி எடுக்க முடியுமா சார்? அவரு பெரியவரு, எடுக்கலாம். ஏஜென்ட்டுகிட்ட சொல்லி ரெண்டு பேருக்கும் பொகை வரிசையில சீட்டு வாங்கினதே அவருதான். விளக்கு அணைஞ்சதுல இருந்து ஊதிக்கினே வந்தாரு. நான் பக்கத்துல வாசனைய மட்டும் புடிச்சிக்கினு ஒக்காந்திருந்தேன். எவ்ளோ நேரம் தாங்கறது? மறைவா எடம் வேணும். அங்க மறைவு இருக்கறது அந்த ஒரு ரூம்தான். படம் போட்டிருந்துச்சி, பாத்தேன். கீழயே சாம்பல் கிண்ணமும் இருந்துச்சி. போனேன். ரெண்டு தபா போனேன். தப்புதான்.”

“துண்டை எங்கே போட்டே?”

அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. “போடறதா? எதுக்குப் போடறது?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜீப்காரரின் காது கண்ணுக்கு முன்னால் வந்தது.

காசியம்மா உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். ஏரோப்ளேனில் போட்டு வந்த சட்டையை ஞாபகத்துக்காகத் துவைக்காமல் மடித்து வைத்திருந்தாள். அதன் பையிலிருந்து ஒரு அட்டைத் தீப்பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தாள். எங்கள் கம்பெனிப் படம் போட்டது. புகை வரிசைக்காரர்களுக்கு நாங்கள் சும்மா கொடுப்பது. அன்று அந்த எட்டு வரிசைக்கும் கொடுத்தவன் நான்தான். திறந்தேன். இரண்டு குச்சி மட்டும் கிழித்திருந்தது. நசுக்கி அணைத்த அரைப் பீடி இரண்டு அதற்குள் பத்திரமாக இருந்தன.

இரண்டு தடவை போனான். இரண்டு குச்சி. இரண்டு துண்டு. அப்படியென்றால் தொட்டியில் கிடந்தது யாருடையது?

முருங்கை மரத்தடியிலிருந்து முதுகு பேசியது. “இவன் ரெண்டாவது தபா வந்து ஒக்காந்த பொறவு ஒருத்தரு உள்ள போனாரு சார். கழுத்துல பட்டாம்பூச்சி மாதிரி கட்டிக்கினு இருந்தாரே, அவரு. வெளிய வரும்போது வாயில மிட்டாயி. அப்புறந்தான் பொகை வந்துச்சி.”

எங்கள் விமானத்தில் அப்படிப் பட்டாம்பூச்சி டை கட்டுகிறவர் ஒருவர்தான். மிச்சப் பேருக்கெல்லாம் நீள டை.

“இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?” என்று கத்திவிட்டேன்.

“எங்களை யாரு கேட்டா?” என்றார் கோவிந்தன். “மருமவன் பீடி குடிச்சானா இல்லையான்னு என் முன்னால வச்சிக் கேட்டீங்க. அந்த நேரத்துல அவன் மானத்துக்கு நான் சன்னல் பக்கம் திரும்பிக்கினேன். அவன் குடிக்கிறது எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாலயே தெரியும். தெரிஞ்ச மாதிரி நான் காட்டிக்கக் கூடாதில்ல?”

பொன்னுசாமி வாயைப் பிளந்து மாமனாரின் முதுகைப் பார்த்தான். காசியம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். எட்டு வருஷமாக மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்து பிடித்தவனாம். எட்டு வருஷமாக அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இருமிக்கொண்டே போனாராம் மாமனார்.

சட்டம் எழுதிய நாங்கள் இப்படி ஒரு மனிதர் இருப்பார் என்று நினைக்கவில்லை. புகைக்கிறவனுக்குச் சீட்டு கொடுத்தால் போதும், பிடிப்பான் என்று நினைத்தோம். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கவில்லை. அவன் ஒளிந்தது மாமனுக்காக. நீங்கள் ஒளிந்தது சீருடைக்காக. ஒரே அறை, ஒரே தப்பு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒருவன் நெருப்பை அணைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தான். இன்னொருவர் காகிதத் தொட்டியில் போட்டுவிட்டு மிட்டாய் தின்றார். இருநூறு பேர் ஆகாயத்தில் இருந்தோம்.

கம்பெனிக் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் நடந்ததைத் தமிழில் எழுதினேன். கழிவறைக்குள் பிடித்ததையும் எழுதினேன். அதை விடச் சொல்லி அவன் கேட்கவில்லை. படித்துக் காட்டினேன். பொன்னுசாமி கையெழுத்துப் போட்டான். கோவிந்தன் திரும்பி உட்கார்ந்து, ஒன்றுமே கேட்காதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

ஒரு நாள் அவர்கள் விடவில்லை, நான்காம் நாள்தான் இறங்கினேன். அதே ஜீப்காரர் ஓட்டினார். மறியல் இடத்தில் மரத்தை ஓரமாக இழுத்துப் போட்டிருந்தார்கள். மீசைக்காரரைக் காணோம். போலீஸ் பிடித்துக்கொண்டு போனதாக டீக்கடையில் சொன்னார்கள். அவரைப் பற்றி யார் என்ன எழுதினார்களோ. காசியம்மா கட்டிக் கொடுத்த வேகவைத்த மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டே மெட்ராஸ் வந்து சேர்ந்தேன்.

சிங்கப்பூர் வந்ததும் அந்தக் காகிதத்தை அலுவலகத்தில் கொடுத்தேன். தமிழில் இருப்பதால் எடுத்துக்கொள்ள முடியாது என்றார்கள். நானே மொழிபெயர்த்துக் கொடுத்தேன். நான் ஒருதலைப்பட்சமானவன் என்றார்கள். அவன் தலையைக் குனிந்ததை மொழிபெயர்த்தபோது இவர்களுக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை. உங்களைக் கேட்டேன், சீஃப் ஸ்டூவர்ட் அவர்களே. “விஷயம் முடிந்துவிட்டது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். முடியவில்லை. பொன்னுசாமியின் விடுமுறை அடுத்த மாதம் தீர்கிறது. பட்டறைக்காரன் உங்கள் அறிக்கையை வைத்துத்தான் முடிவு செய்யப் போகிறான்.

என் தப்பை நான் இங்கே எழுதிவிட்டேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை, ஒப்புக்கொண்டதாக நான் சொன்னது பொய். இதற்காக என்னை வேலையை விட்டு அனுப்பினாலும் சரி.

இப்போது உங்கள் முறை. தொட்டியிலிருந்து நீங்கள் எடுத்த துண்டை யாருக்குக் காட்டினீர்கள்? எங்கே வைத்திருக்கிறீர்கள்? பீடியில் பஞ்சு கிடையாது, உங்கள் சிகரெட்டின் நுனியில் உண்டு. நீங்கள் எடுத்ததில் பஞ்சு இருந்ததா, இல்லையா? தனியாக என் காதில் சொல்ல வேண்டாம். இதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டு, எல்லோரும் படிக்கும்படி பதில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் போதும். தமிழில் நான் மொழிபெயர்க்கிறேன். இந்தத் தடவை சரியாகச் செய்வேன்.